அரிசிக் கொத்தும் அரியாசனமும்
ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வாழ்க்கையில் விலைவாசி வகித்த பங்கு

மாதம் மும்மாரி பெய்ததா என்று அமைச்சனை வினவும் அரசனை நம் நாட்டுக் கூத்துக்களிலே கண்டிருக்கிறோம். மழை பெய்தால் அது மன்னவன் செங்கோலின் சிறப்பு. பொய்த்தால் அவன் கோல் கோடியதன் விளைவு. வள்ளுவரும் இக்கருத்துக்கு இடமளித்துள்ளார். வானத்து மேகத்துக்கும் அரண்மனைச் சிங்காதனத்துக்கும் என்ன தொடர்பு என்று அக்காலத்தவர் ஆராயவில்லை. இக்காலத்து மக்கள் மழைக்கு அரசாங்கத்தைப் பொறுப்பாக்குவதை விட்டுவிட்டனர். ஆனால் அதே பழைய நம்பிக்கையை அரிசி விலைக்கும் பாண் விலைக்கும் மாற்றிக்கொண்டனர். விலை இறங்கினால் ஆள்பவர் நல்லவர். ஏறினால் அவர் கொடியவர். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதற்கு, இலங்கையின் முதலாவது நிறைவேற்றதிகாரச் சனாதிபதியான ஜூனியஸ் ரிச்சட் ஜயவர்த்தனாவின் வாழ்க்கையைப் போல வாய்ப்பான சரிதம் வேறொன்றில்லை. தமிழர் அவரை நினைக்கும்போது வேறு பல நினைவுகள் முந்திக்கொண்டு வருமென்பதை நாம் அறிவோம். அவற்றை மறைத்துவைக்கும் நோக்கம் நமக்கில்லை. ஆயினும் அவருடைய வாழ்க்கை தொடக்கமுதல் இறுதிவரை விலை என்ற ஒன்றினால் பின்னப்பட்டிருந்தது; அந்த இழையைப் பற்றிக்கொண்டு செல்வதே இக்கட்டுரையின் எல்லை.

ஜயவர்த்தனா 1906ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் உயர்நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். தாயார் செல்வாக்கு மிக்க விஜயவர்த்தனா குடும்பத்தைச் சேர்ந்தவர். பத்திரிகையுலகில் பேரரசு நிறுவிய டீ. ஆர். விஜயவர்த்தனா அவருக்கு மாமன் முறையானவர். கிறித்தவராகப் பிறந்து பின் பௌத்தத்தைத் தழுவினார். கொழும்பு றோயல் கல்லூரியிற் படிப்பு, துடுப்பாட்டம், சட்டக் கல்லூரி, அத்துவக்காத்துப் பட்டம், 1935இல் எலினா அம்மையாருடன் திருமணம் என்று இளமைக்காலம் அந்த வகுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுக்கப்பட்ட பாதையிலேயே சென்றது. சந்தைக்குச் சென்று வெங்காயம் வாங்கிய அநுபவம் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை.

வழக்கறிஞர் தொழில் அவரை நெடுங்காலம் பிடித்துவைக்கவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரசிலே சேர்ந்தார். 1943இல் களனித் தொகுதி இடைத்தேர்தலில், மூத்த தலைவரான ஈ. டபிள்யூ. பெரேராவைத் தோற்கடித்து அரசாங்க சபைக்குள் நுழைந்தார். சிங்களத்தை ஆட்சிமொழியாக்க வேண்டுமென்று அவர் கொண்டுவந்த தீர்மானம், கிழக்கிலங்கை உறுப்பினர் வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழையும் சேர்த்துக்கொண்டு 1944இல் நிறைவேறியது. மொழிபற்றிய கதை அங்கே தொடங்குகிறது. அது வேறு நூலுக்குரிய கதை.

1947இலே, நாற்பத்தொரு வயதில், டீ. எஸ். சேனாநாயக்காவின் மந்திரிசபையில் நிதி மந்திரியானார். சுதந்திர இலங்கையின் முதல் கணக்குப்பிள்ளை அவரே எனலாம். 1950இல் மத்திய வங்கி நிறுவப்பட்டது அவருடைய காலத்திலே. கொழும்புத் திட்டம் உருவாகிய மாநாட்டிலும் அவர் முக்கிய பங்கு வகித்தார். 1951இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே யப்பானுக்குப் பரிந்து பேசி உலகப் புகழ் பெற்றார். அந்த ஆண்டுகளில் அவர் கைதொட்ட யாவும் பொன்னாயிற்று என்று கண்டோர் கருதியிருக்கலாம். உண்மையில் பொன்னாக்கியது கொரியப் போர். 1950இல் அப்போர் மூண்டதும் றப்பர் விலை வானளாவ உயர்ந்தது. அரசாங்கத்தின் பெட்டகம் நிறைந்தது. நிறைந்த பெட்டகத்தைக் காட்டி நிதி மந்திரி பெருமைகொண்டதில் வியப்பில்லை. கொரியாவிலே நடந்த போருக்கும் கொழும்பிலே இருந்த மந்திரிக்கும் தொடர்பில்லை என்று அப்போது எவரும் சொல்லவில்லை.

இரண்டாண்டுகளுக்குள் காற்று மாறியது. றப்பர் விலை வீழ்ந்தது. அதே போரின் விளைவாக அரிசி விலையோ உயர்ந்தே நின்றது. அக்காலத்து இலங்கை தன் அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வாங்கியது. வாங்கிய விலை ஒன்று, கூப்பன் புத்தகத்துக்கு மக்கள் பெற்ற விலை வேறொன்று. ஒரு கொத்து அரிசி 25 சதம். இடைப்பட்ட தொகையை அரசாங்கம் ஏற்றது. 1952 மார்ச்சில் டீ. எஸ். சேனாநாயக்கா குதிரையிலிருந்து வீழ்ந்து காலமாகவே, அவர் மைந்தர் டட்லி பிரதமரானார். மே மாதத்திற் பொதுத்தேர்தல் வந்தது. அரிசியின் விலை 25 சதமாகவே இருக்குமென்பது தேர்தற்கால உறுதிமொழிகளுள் ஒன்று. மக்கள் வாக்களித்தனர். அவ்வாண்டின் இறுதியில், சீனாவுடன் றப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் சூத்திரதாரி வர்த்தக மந்திரி ஆர். ஜீ. சேனாநாயக்கா. அமெரிக்க நட்பையே பெரிதும் நாடிய நிதி மந்திரிக்கு அவ்வொப்பந்தம் உவப்பாக இருக்கவில்லை.

1953 யூலையில் ஜயவர்த்தனா சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் இந்நாட்டு அரசியல் வரலாற்றிலே ஒரு மைல்கல். கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. கணக்கு என்ற அளவிலே அத்திட்டத்திற் பிழை காண்பது கடினம். வெளிநாட்டுச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. உணவு மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கியின் குழுவும் ஆலோசனை கூறியிருந்தது. ஆனால் பதினான்கு மாதங்களுக்கு முன் கொடுத்த வாக்கை மக்கள் மறந்திருக்கவில்லை. ஏறிய விலையை ஒருவேளை பொறுத்திருப்பர். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தைப் பொறுக்கவில்லை.

ஆகஸ்டு 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று நாடு ஹர்த்தால் அனுட்டித்தது. செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமோ அதே மந்திரிசபையிலே கைத்தொழில் மந்திரியாக வீற்றிருந்தார். யாழ்ப்பாணத்தவரின் இரு தலைவர்கள் அரிசிக் கொத்தின் இரு மருங்கிலும் நின்றனர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. தென்மேற்குக் கரையோரத்திலே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் மாண்டன. மந்திரிசபை தரையிற் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. மென்மையான உள்ளம் படைத்த டட்லி அதனைத் தாங்காது, உடல்நலமும் குன்றி, அக்டோபரிற் பதவி துறந்தார். புதிய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை அரிசி விலையை ஓரளவு இறக்கினார். நிதிப் பொறுப்பிலிருந்து ஜயவர்த்தனாவை உணவு, விவசாயப் பகுதிக்கு மாற்றினார். பொன்னம்பலத்துக்குப் புதிய மந்திரிசபையில் இடமிருக்கவில்லை. கொரியாவில் அமைதி ஏற்பட்டதனால் நேர்ந்த விலைமாற்றம் யாழ்ப்பாணத்துத் தலைவர் ஒருவரின் மந்திரிப் பதவியிலும் வந்து முடிந்ததை நம் அரசியல் நூலார் போதிய அளவு கவனிக்கவில்லை.

1956இல் ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களாய்ச் சுருங்கியது. களனியிலே ஜயவர்த்தனாவைத் தோற்கடித்தவர் வேறெவருமல்லர். சீன அரிசியைக் கொண்டுவந்த அதே ஆர். ஜீ. சேனாநாயக்கா. அடுத்த ஆண்டு பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜயவர்த்தனா கண்டி நோக்கி நடக்கத் தொடங்கி, இம்புல்கொடையிலே தடுக்கப்பட்டார். அரிசியால் இழந்த செல்வாக்கை மொழியால் மீட்க முனைந்தார் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாறு கருதவே இடமுண்டு. வாழ்க்கைச் செலவைக் குறைக்க இயலாத அரசியல்வாதி வேறொரு பொருளை மக்கள் முன் வைக்கிறான். அப்பொருளின் விலையை யார் கொடுத்தனர் என்பதை நாம் அறிவோம்.

1965இல் டட்லி மீண்டும் பிரதமராக, ஜயவர்த்தனா இராசாங்க மந்திரியானார். 1966 டிசம்பரில் மீண்டும் அரிசி. வாராந்தம் இரண்டு கொத்து என்றிருந்த பங்கீடு ஒரு கொத்தாயிற்று. அந்த ஒரு கொத்து இலவசமென்று அறிவிக்கப்பட்டது. அதே மாதத்திலேதான் ஜயவர்த்தனா, விஞ்ஞான முன்னேற்றச் சங்கக் கூட்டமொன்றிலே, மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்பட்டு, பாராளுமன்றத்தின் விருப்புவெறுப்புக்களுக்கு ஆட்படாது, குறித்த ஆண்டுகள் நிலைத்து ஆளும் ஒரு தலைவர் வேண்டுமென்ற கருத்தை வெளியிட்டார். இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் 1953இல் ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரை வீழ்த்தியதை நேரிற் கண்ட மனிதர் அவர். விரும்பத்தகாத விலையை அறிவித்துவிட்டும் வீழாதிருக்கும் ஓர் அரியாசனத்தை அவர் தேடினார் என்று நாம் கொள்வது பொருந்தும். நிறைவேற்றதிகாரச் சனாதிபதிப் பதவியின் கருவறை அரிசி மூட்டைகளுக்கிடையே இருந்தது.

1970இல் இரண்டாவது கொத்தையும் தருவதாக வாக்களித்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பெருவெற்றி பெற்றார். இங்கேதான் கதை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருகிறது; நாமும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குடாநாட்டிலே ஆறில்லை. சுண்ணக்கற் பாறையை வெட்டித் தோண்டிய கிணறும், அதைச் சூழ்ந்த செம்மண் தறையும், அதனை நாள்தோறும் நனைக்கும் மனித முயற்சியுமே அதன் செல்வம். துலா மிதித்து இறைத்த காலம் மாறி, மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்திருந்தன. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, இடைக்காடு, சுன்னாகம் என்று எங்கு நோக்கினும் சில பரப்புக் காணியிலே ஒரு குடும்பம் வாழ்ந்தது. புகையிலையே நெடுங்காலம் பணப்பயிராக விளங்கியது. மறுபுறத்தில், கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றியோர் மாதந்தோறும் அனுப்பிய காசுக்கட்டளையில் வாழ்ந்த குடும்பங்கள். அதனாலேயே குடாநாட்டுப் பொருளாதாரத்துக்கு மணியோடர்ப் பொருளாதாரம் என்ற பெயர் வந்தது. ஒரே வேலிக்கு இரு பக்கத்திலும் இவ்விரு குடும்பங்களும் இருந்தன. ஒன்று விற்று வாழ்வது. மற்றது வாங்கி வாழ்வது. விலையேற்றம் என்ற ஒரே செய்தி இரு வீட்டு முற்றத்திலும் வெவ்வேறு முகத்தோடு வந்து நிற்கும். வாழ்க்கைச் செலவுபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வாங்குபவரையே மனத்திற் கொள்வர். விற்பவனுக்கு அடுத்தவனின் வாழ்க்கைச் செலவே வருமானம்.

சிறிமாவோ அரசாங்கம் செலாவணி முடைகாரணமாக மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கித் தடுத்தது. இந்தியச் செத்தல் மிளகாய் வராதபோது கொழும்புச் சந்தை யாழ்ப்பாணத்து மிளகாயை எதிர்பார்த்து நின்றது. இரவிரவாக லொறிகள் ஆனையிறவைக் கடந்து சென்றன. அந்தர்க்கணக்கில் வெங்காயமும் சாக்குச்சாக்காக மிளகாயும் ஏறின. தோட்டக்காரனின் வீட்டிலே கல்வீடு எழுந்தது. புதிய இயந்திரம் வந்தது. பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது. முந்திரிகைக் கொடியும் அந்நாட்களிற் குடாநாட்டுப் பந்தல்களிலே செழித்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டக் காணிகளிற் குடியேறிய இளைஞர்கள், உத்தியோகம் என்ற பழைய கனவை மறந்து மிளகாய்க் கன்று நட்டனர்.

ஆனால் 1973இன் இறுதியில் எண்ணெய் நாடுகள் விலையை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்த்தின. உலகச் சந்தையிலே கோதுமையும் அரிசியும் சீனியும் எட்டாத உயரத்துக்குச் சென்றன. மழையும் பொய்த்தது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை; துணிக்குக் கூப்பன்; ஓரிடத்து நெல்லை வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லத் தடை. மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளிலே உணவாயிற்று. கொழும்பிலே சம்பளத்தில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவரும் அவ்வரிசையிலே நின்றனர். அதே அரசாங்கந்தான் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைப் புகுத்தியது. 1972இன் குடியரசு அரசியலமைப்பிலே தமிழரின் வேண்டுகோள்களைப் புறக்கணித்தது. ஆகவே மகன் தரப்படுத்தலினாற் பல்கலைக்கழகத்தை இழந்த அதே வீட்டிலே, தகப்பன் மிளகாயினாற் கடனை அடைத்தான். அந்த ஆட்சி நல்லதா தீயதா என்று அவ்வீட்டில் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

1973இல் டட்லி காலமானபின் ஜயவர்த்தனா கட்சித் தலைவரானார். பாண் வரிசையே அவருக்குச் சிறந்த பிரசாரகனாயிற்று. தர்மிஷ்ட சமுதாயமொன்றை அமைப்பதாகவும், ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தலல்ல, எட்டுக் கிலோ தானியம் தருவதாகவும் வாக்களித்தார். 1953இல் வாக்கொன்று என்ன செய்ததென்பதை அறிந்தவரே மீண்டும் ஒரு வாக்கைக் கொடுத்தார் என்பது வியப்பே. 1977 யூலையில் 168 ஆசனங்களுள் 140 அவர் கட்சிக்குக் கிடைத்தன. பிரதமரானார், 1978 பெப்ரவரி 4ஆம் நாள், தாமே ஆக்கிய பதவியில் முதலாவது நிறைவேற்றதிகாரச் சனாதிபதியாக அமர்ந்தார். எட்டுக் கிலோவைப் பின்னர் எவரும் கண்டிலர்.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டது. டொலருக்கிருந்த இருவேறு விலைகள் ஒன்றாக்கப்பட்டு, ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. இறக்குமதித் தடைகளிற் பெரும்பாலன நீங்கின. மாதம் 300 ரூபாவுக்கு மேல் வருமானமுள்ள குடும்பங்களின் அரிசிப் பங்கீடு 1978 பெப்ரவரியில் நின்றது. 1979 செப்டெம்பரில் பங்கீட்டு முறையே ஒழிந்து, நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உணவு முத்திரை வழங்கப்பட்டது, மண்ணெண்ணெய்க்கும் முத்திரை. முத்திரையின் மதிப்பு ரூபாவிலே குறிக்கப்பட்டிருந்தது. விலை ஏற ஏற முத்திரை அதே முத்திரையாகவே இருந்தது. அதற்குக் கிடைத்த அரிசியோ குறைந்துகொண்டே வந்தது. கூப்பனுக்கும் முத்திரைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கூப்பன் அரிசியின் அளவைக் காத்தது. முத்திரை அரசாங்கத்தின் கணக்கைக் காத்தது. 1953இல் ஒரே நாளிற் செய்ய முயன்று தோற்றதை, இப்போது மெல்லமெல்ல, ஒருவரும் குறித்த ஒரு நாளைச் சுட்டிக் குறை கூற இயலாதவாறு செய்துமுடித்தார். அவரை முதுநரி என்று எதிரிகள் அழைத்தது காரணப்பெயரே.

பாண் வரிசை மறைந்தது. கடைகள் நிறைந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்தது. 1978இல் நாட்டின் உற்பத்தி எட்டு வீதத்துக்கு மேல் வளர்ந்தது. இதற்குரிய புகழ் அவருக்கு முழுவதும் சேருமா? தேயிலை விலை அவ்வேளை உயர்ந்து நின்றது. மேலைநாடுகள் மகாவலி அணைகளுக்குப் பணத்தை வாரி வழங்கின. மத்திய கிழக்குக்குச் சென்ற ஏழைப் பெண்களின் உழைப்பு டொலராகத் திரும்பியது. ஆயினும் கதவைத் திறந்தவர் அவரே. வரிசையில் நின்று களைத்த மக்களின் கால்களுக்கு ஓய்வு கொடுத்த நன்றி அவருக்கு உரியது. அதை மறுப்பது நேர்மையன்று.

திறந்த கதவின் வழியே வந்தவற்றுள் மிளகாயும் வெங்காயமும் இருந்தன. திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகச் சந்தையிலும் விலை சரிந்தது. இறக்குமதி மிளகாயோடு போட்டியிட வேண்டுமானால் தோட்டக்காரனின் செலவு குறைந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. நாணய மதிப்பிறக்கத்தால் உரமும் கிருமிநாசினியும் இயந்திரத்தின் உதிரிப்பாகங்களும் விலையேறின. 1979இல் ஈரானியப் புரட்சியையடுத்து எண்ணெய் விலை மீண்டும் உயர, இறைப்புக்கான மண்ணெண்ணெயும் ஏறியது. விற்கும் பொருள் இறங்க, வாங்கும் பொருள் ஏற, இரண்டுக்குமிடையே அவன் நசுங்கினான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமோ கொழும்பு வணிகரோ மாற்றத்தைத் தாங்கியிருக்கலாம். சில பரப்புச் செம்மண்ணையும் ஒரு கிணற்றையும் நம்பியவனுக்குச் சேமிப்பு என்ற அரண் சிறியது. சந்தையைத் திறப்பது தவறென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் ஏழாண்டுக் காலம் அரசாங்கமே ஊக்கி வளர்த்த பயிரை, ஒரு பருவத்தின் அவகாசமுமின்றி வெயிலிலே விட்டது சனாதிபதியின் தெரிவு. அதை எண்ணெய் நாடுகளின் தலையிற் சுமத்த முடியாது.

மணியோடர்க் குடும்பம் தப்பியதா எனில், அதுவும் இல்லை. 1980இல் கொழும்பு வாழ்க்கைச் செலவுச் சுட்டி 26 வீதம் உயர்ந்தது. அதே ஆண்டிலே அமெரிக்காவிற் பணவீக்கம் ஏறத்தாழ 13 வீதம். அதன் பொருட்டே அந்நாட்டுச் சனாதிபதி காட்டர் நவம்பர்த் தேர்தலிற் பெருந்தோல்வி கண்டார். உலகத்து எண்ணெய் விலை இருவருக்கும் பொதுவான பகை. அங்கே 13, இங்கே 26 என்ற வேற்றுமை எங்கிருந்து வந்தது? இலங்கை அரசாங்கத்தின் பற்றாக்குறை அவ்வாண்டிலே நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்திலொன்றை எட்டியது. முப்பது ஆண்டுகளில் முடிக்க வகுத்த மகாவலித் திட்டத்தை ஆறாண்டுகளில் முடிக்க விரைந்ததும், மதிப்பிறங்கிய ரூபாவும், நீக்கிய மானியங்களும் சேர்ந்தே விலையை ஏற்றின. இவை கொழும்பிலே எடுத்த முடிவுகள். எண்களை இவ்வாறு அடுக்கி ஒரு மனிதனின் பழியைத் துல்லியமாக நிறுக்கலாமென்று நாம் நம்பவில்லை. ஆனால் ஏற்றம் முழுவதும் வெளியிலிருந்து வந்ததென்ற அவர் கட்சியாரின் வாதம் நில்லாது என்பதற்கு இது போதும்.

1980 யூலையில் அரசாங்க ஊழியர் 300 ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 1953இல் போர்க்கப்பலில் ஒதுங்கிய மந்திரிசபையின் உறுப்பினர், இப்போது அசைக்கவியலாத அரியாசனத்தில் இருந்தார். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அவர்களுள் யாழ்ப்பாணத்துக்கு மணியோடர் அனுப்பிய கைகளும் இருந்தன. விலையேற்றத்துக்கு ஒரு சனாதிபதி பொறுப்பாளியா என்று வாதிடுவோர், விலையேறிவிட்டது என்று முறையிட்டவனை அவர் எவ்வாறு நடத்தினார் என்பதையும் சேர்த்து நோக்கல் வேண்டும். முன்னதில் அவருக்குப் பங்காளிகள் பலர் உண்டு. பின்னதில் எவருமில்லை.

1981 யூன் தொடக்கத்திலே யாழ்ப்பாண நூலகம் எரியுண்டது. 1982 அக்டோபரில் முதலாவது சனாதிபதித் தேர்தல் வந்தது. சிறிமாவோவின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தமையால், அவர் ஆட்சியில் விவசாய மந்திரியாயிருந்த ஹெக்டர் கொப்பேகடுவ போட்டியிட்டார். நாடளாவிய முறையில் ஜயவர்த்தனா 52.9 வீத வாக்குப் பெற்று வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு உரியது. குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் தரப்படுத்தலைக் கொண்டுவந்த ஆட்சியின் மந்திரி ஒருவர், சிங்கள வேட்பாளர், அம்மாவட்டத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வாக்குக்களைப் பெற்றார். ஜயவர்த்தனாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்திலொன்று. எரிந்த நூலகத்தின் வெப்பம் அவ்வாக்குக்களில் இருந்தது உண்மை. ஆயினும் கொப்பேகடுவவின் கூட்டங்களுக்குத் திரண்டவருள் தோட்டக்காரர் பெருந்தொகையினர். அவர்கள் கையிலே மிளகாய் விலையின் நினைவு இருந்தது. எதிரிக்கு வாக்களிப்பதென்றாற்கூட இரு எதிரிகளுள் எவன் காலத்தில் உலை கொதித்தது என்று பார்த்தே அவர்கள் வாக்களித்தனர். அது அறியாமை என்று கற்றோர் சிலர் அக்காலத்திற் சிரித்தனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இறக்குமதித் தடை நீங்கியது யார் கையொப்பத்தால் என்பதை அத்தோட்டக்காரர் சரியாகவே அறிந்திருந்தனர்.

1983 யூலைக்குப் பின் குடாநாட்டின் விலைவாசியைப் பொருளியல் நூல்களைக் கொண்டு விளக்குவது அரிது. தெற்கே செல்லும் லொறி திரும்பி வருமா என்பது வெங்காயத்தின் விலையிலே சேர்ந்தது. 1987 சனவரியில் ஜயவர்த்தனாவின் அரசாங்கம் குடாநாட்டுக்குச் செல்லும் எரிபொருளைத் தடுத்தது. மண்ணெண்ணெய் இல்லையேல் இறைப்பில்லை, இறைப்பில்லையேல் பயிரில்லை, பெற்றோல் இல்லையேல் விளைந்ததும் சந்தைக்குச் செல்லாது. மே மாதம் வடமராட்சியிலே படை நடவடிக்கை தொடங்கியது. உணவும் மருந்தும் ஏற்றிவந்த இந்தியப் படகுகள் யூன் தொடக்கத்திலே கடலில் வைத்துத் திருப்பப்பட்டன. யூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் ஏறத்தாழ 25 தொன் உணவுப் பொருளைக் குடாநாட்டின் மேல் எறிந்தன. அந்தச் சில மாதங்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அரேபியாவோ அமெரிக்காவோ காரணமன்று. உலகச் சந்தை, மழை, முன்னவரின் கடன் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அங்கே ஒன்றும் இல்லை. மூன்றரைத் தசாப்தங்களாக அவர் கையாண்ட விலைகள் எல்லாவற்றினும் அந்த ஒன்றே முற்றும் அவருக்குச் சொந்தமானது.

யூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். 1989 சனவரி தொடக்கத்திலே பதவியைப் பிரேமதாசாவிடம் ஒப்படைத்து ஓய்வுபெற்றார். 1977இல் 16 ரூபாவாயிருந்த டொலர் அப்போது 33 ரூபாவளவில் நின்றது. மறுபுறத்தில், நாட்டின் அரிசித் தேவையிற் பெரும்பகுதி நாட்டிலேயே விளைந்தது. 25 சத அரிசிக்காகப் பர்மாவையும் சீனாவையும் எதிர்நோக்கிய காலம் மலையேறியிருந்தது. இதற்கு டீ. எஸ். சேனாநாயக்கா காலந்தொட்டு வந்த குடியேற்றத் திட்டங்களும், பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலே உருவான நெல்லினங்களும், டட்லியின் உணவு உற்பத்தி இயக்கமும் அடித்தளம். மேல்மாடியைக் கட்டியவர் ஜயவர்த்தனா.

அவர் ஆக்கிய பதவியில் பின் அமர்ந்தோர் பலர். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பால் நிறுத்திய சனாதிபதி கோத்தபாய ராஜபக்ச, அடுத்த ஆண்டு யூலையிலே மாளிகையைவிட்டு ஓட நேர்ந்தது. 2022 செப்டெம்பரில் விலையேற்றம் 70 வீதத்தை அண்மித்தது. தளராத அரியாசனமென்று 1966இல் கனவுகண்ட பொருளை மக்கள் ஒரு நண்பகலில் அசைத்துவிட்டனர். மாறாக 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது கொழும்பிலே வெங்காய விலை ஏறியதற்கு, அப்போதைய சனாதிபதியை எவ்வளவு வைதாலும் பயனில்லை. மகாராட்டிரத்து வயலிலே தீர்மானமாகிய விலை அது. இலங்கை ஏன் அந்த வயலை நம்பி இருக்கிறது என்று கேட்டால் மாத்திரமே கேள்வி 1977க்குத் திரும்பும்.

ஓய்வுபெற்ற ஜயவர்த்தனா கொழும்பு வாட் பிளேசிலுள்ள தம் இல்லத்திலே நூல்களுடன் அமைதியாக வாழ்ந்து, 1996 நவம்பர் 1ஆம் நாள், தொண்ணூறாவது வயதிற் காலமானார். அப்பொழுது கண்டி வீதி மூடப்பட்டிருந்தது. குடாநாட்டுக்கு அரிசியும் சீனியும் கப்பலிலே காங்கேசன்துறைக்கு வந்துகொண்டிருந்தன; குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் லொறியேறித் தெற்கே செல்ல வழியில்லாதிருந்தது.